சியர்ஸ் சொன்ன பிறகு புகார் செல்லாது

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் மாநகராட்சி ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்து, சாக்கடை ஓரமாகச் சுண்ணாம்புத் தூளையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து தூவிக்கொண்டே போனார்கள். இதனால் கொசுவுக்கு ஒரு தீங்கும் நேராது என்பது எனக்கும் தெரியும், தூவியவருக்கும் தெரியும். ஆனால் ஈர மண்ணில் சுண்ணாம்பு விழுந்ததும் ஒரு வாசனை எழும்புகிறதே, அது மூக்கில் ஏறியதும் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி தெருவிலேயே நின்றுவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம். எங்கள் பள்ளி மைதானம். ரங்கசாமி மாஸ்டர் அடியில் ஓட்டை போட்ட டால்டா டப்பாவில் சுண்ணாம்பை நிரப்பிக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் ஹாக்கிக்குக் கோடு போட்டுக்கொண்டு போகிறார். என் ஆபீஸ் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரச் சாமியார்கள் ஆரம்பித்த ஆண்கள் பள்ளி. அவர்களில் மூத்தவர் முதலில் மைதானத்தை வாங்கினார், மீந்த காசில் வகுப்பறை கட்டினார், கோயில் எல்லாவற்றுக்கும் கடைசி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பள்ளியின் விழா மலரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். மலரைப் பிழைதிருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய ஆட்கள் சொன்னதை நம்புங்கள். வெள்ளை அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சாமியார்கள் பையன்களோடு பந்தாடியிருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்களுடைய இரண்டு வழக்கங்கள் மைதானத்தில் தங்கிவிட்டன. அந்த இரண்டும் சேர்ந்துதான் என்னைப் பிடித்துப் போட்டன.

நான் அங்கே ஆபீஸில் எழுத்தர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு முப்பதைச் சற்றுத் தாண்டிய வயது. மாற்றுச் சான்றிதழ், சம்பளப் பட்டியல், ரயில் சலுகைப் படிவம் எல்லாம் என் மேசையில்தான் பிறக்கும். விதி என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தலையெழுத்து ஞாபகம் வரும், எனக்கு உட்பிரிவு ஞாபகம் வரும். என் அறையில் இருந்த ஒரே ஜன்னல் மைதானத்தைப் பார்த்தது. அதற்குக் கம்பி. ஜெயில் கம்பி மாதிரியே கனம். சான்றிதழ் கேட்டு வருகிற பையன்கள் வெளியே நின்று அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆபீஸ் சார்" என்று கூப்பிடுவார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

என் மனைவி அந்தியூர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளும் அவளோடு. நான் இங்கே, மேல்மாடியில் ஒற்றை அறை, மண்ணெண்ணெய் ஸ்டவ். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி முடிந்தால் காந்திபுரம், அங்கிருந்து கோபி வழியாக அந்தியூர். திங்கள் விடியற்காலையில் அதே பஸ்ஸில் திரும்பி, நேராக ஆபீஸ். என் மகள் என்னை 'சனிக்கிழமை அப்பா' என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். வேறு கிழமைகளுக்கு வேறு அப்பாக்கள் இருப்பது போல.

இந்த நிலையில்தான் எப்போதோ எழுதிய அரசுத் தேர்வுக்குப் பலன் வந்தது. பவானி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். அந்தியூரிலிருந்து போய்வருகிற தூரம். ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை. மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு, அவர்கள் போய் அழைத்து வரும்வரை எஸ்.டி.டி. பூத்தின் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"நெசமாலுமா சொல்றீங்கோ?" என்றாள். "அப்ப இந்த ஆடிக்குப் பாப்பாவுக்குக் குதிரை காட்டறது நீங்கதானுங்க. நான் சொல்லிப்போடறேன்."

ஆடியில் அந்தியூரில் குதிரைச் சந்தை. மகள் மாதக்கணக்காக அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

இனி நடைமுறை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே நடந்து போய்விட முடியாது. பள்ளி நிர்வாகம் என்னை முறையாக விடுவித்து ஆணை தர வேண்டும். அப்போதுதான் அங்கே பார்த்த வருஷங்கள் பென்ஷனுக்குச் சேரும். பவானியில் சேரக் கடைசித் தேதி ஒன்று உண்டு. ஒரு தரம் நீட்டிப்புக் கேட்கலாம், நான் கேட்டுவிட்டேன். இரண்டாம் தரம் கிடையாது.

தலைமையாசிரியர் ஃபாதர் நல்லவர். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது கஷ்டம். என் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், சுழற்கோப்பை வருது. போன வருஷம் நீங்க லீவுல போனப்போ என்ன ஆச்சு? பையன்களுக்குச் சான்றிதழ் சரியில்லன்னு வெளியூர் போட்டியில எறங்கவே விடல. ரங்கசாமி மாஸ்டருக்கு ஆட்டம் தெரியும், பேப்பர் தெரியாது. நம்ம டீம் தோத்த மறு வேலைநாள் காலைல உங்க ரிலீவிங் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன். என் வார்த்தை."

நான் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஏனென்றால் எங்கள் ஹாக்கி அணி எப்போதும் முதல் சுற்றில் தோற்கும். எங்கள் மைதானத்தில், நாங்களே நடத்தும் கோப்பையில், வருகிறவர்களை ஜெயிக்க விடுவது விருந்தோம்பல் என்றே நினைத்திருந்தார்கள் போல. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. ஆட்டங்கள் சனிக்கிழமைகளில் மட்டும். முதல் சனிக்கிழமையே விடுதலை என்று கணக்குப் போட்டு, விடுவிப்பு ஆணையை நானே தட்டச்சு செய்து தேதியை மட்டும் காலியாக விட்டு வைத்தேன்.

முதல் சனிக்கிழமை வால்பாறையிலிருந்து வரவேண்டிய எஸ்டேட் பையன்களின் பஸ் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுபோனது. நான் கேட்டுக்கு வெளியே போய், சாலையின் கோடி வரை எட்டி எட்டிப் பார்த்தேன். வந்த பஸ்களெல்லாம் உக்கடம் போகிற பஸ்கள். விதிப்படி காத்திருக்க வேண்டிய நேரம் முடிந்ததும் எங்கள் அணி ஆடாமலே ஜெயித்தது.

பூத்துக்கு ஓடினேன். "தோத்தாச்சுங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள் மனைவி. அந்தியூரில் அந்தப் பக்கத்து வீட்டார் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

அடுத்த சனிக்கிழமை எதிரணி நிஜமாகவே வந்தது, நன்றாகவும் ஆடியது. ஆனால் கோட்டைமேட்டு அத்தர் கடைக்காரர் மகன் அப்பாஸ், எங்கள் கோல்கீப்பர், அன்று எதையும் உள்ளே விடவில்லை. அதுவரை தபால் பெட்டி மாதிரி எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த பையன். ஆட்டம் முடிந்து தோள்களில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் ஜன்னலைத் தாண்டும்போது, "ஆபீஸ் சார், பாத்தீங்களா!" என்று கத்தினான். பார்த்தேன். கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் அன்றே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் தொலைந்ததையெல்லாம் தேடிக் கொடுக்கிறவர் என்று சொன்னார்கள். எங்கள் அணியின் தோல்வியைத்தான் காணோம் என்று விவரமாகச் சொன்னேன்.

மூன்றாவது சனிக்கிழமை அரையிறுதி. பவானியில் சேரக் கடைசி நாள் அதற்கடுத்த செவ்வாய். அன்று தோற்றால் திங்கள் காலை கையெழுத்து, மத்தியானம் பஸ், செவ்வாய் பவானி. பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் ஸ்கோர் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். ஆடும்போது சின்ன வகுப்புப் பையன்கள் நழுவிவிடாமல் இருக்க வெளிக் கேட்டைப் பூட்டுவது வழக்கம். சாவி ஃபாதர் அங்கியில். நானும் உள்ளேதான்.

எதிரே ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி. பலசாலிகள். ஆனாலும் கோல் விழாமல் இழுத்துக்கொண்டே போனது. வெளிச்சம் மங்குகிற நேரம், சோமனூர்த் தறிக்காரர் மகன் செந்தில், நடுவில் ஆடும் எங்கள் சென்டர் ஹாஃப், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். ரங்கசாமி மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று, "டேய் செந்திலு, வெளிய வாடா கண்ணு! ஆரோக்கியம், நீ போ சாமி!" என்று கூவினார். ஆரோக்கியம் உள்ளே ஓடினான். அந்த நொடியில் கோயில் மணி அடித்தது.

இங்கேதான் அந்த முதல் வழக்கம். மாலை ஆறு மணிக்கு மூவேளை செப மணி அடித்தால் மைதானத்தில் யாராக இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பந்து கிடந்த இடத்தில் கிடக்கும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடி நிற்பார்கள். மணி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். வெளியூர் அணிகளுக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும், பிறகு அவர்களும் நிற்பார்கள். அன்று அம்பயராக வந்தவர் எங்கள் பழைய மாணவர், அவர் எல்லோரையும்விட இறுக்கமாகக் கண்ணை மூடினார். நானும் மூடினேன். என்ன வேண்டினேன் என்று திரும்பச் சொல்ல வேண்டாம்.

ஆரோக்கியம் நடு மைதானத்தில் நின்றான். செந்திலும் வெளியே வர அடி எடுத்து வைத்த இடத்திலேயே கைகூப்பி நின்றான். மணி ஓய்ந்தது. பக்தி மிகுதியில் செந்திலுக்குக் கால் வலியும் மறந்துபோயிற்று, வெளியே போக வேண்டியதும் மறந்துபோயிற்று. பந்து அவன் காலடிக்கே வந்தது. அடித்தான். ஆரோக்கியம் வாங்கினான். கோல். விசில். ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது வழக்கம், மூன்று சியர்ஸ். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் எதிரெதிராக வரிசையில் நின்று, ஒருவர் பள்ளியின் பெயரை மற்றவர் சொல்லி "ஹிப் ஹிப் ஹுர்ரே" என்று மூன்று முறை கத்த வேண்டும். தோற்றவர்களும் கத்த வேண்டும். அன்றும் கத்தினார்கள். பிறகு எல்லோரும் பன்னும் டீயும் வாங்கப் போன இடத்தில் எங்கள் இரண்டு பையன்களும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"நாந்தான்டா பாஸ் குடுத்தேன்!"

"நீ எங்கடா குடுத்தே? நீதான் வெளிய போயிட்டியே!"

"நான் எங்கடா போனேன்? சாமி கும்புட்டுட்டு நின்னேன்!"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எதிரணி பி.டி. மாஸ்டர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

விஷயம் ஸ்கோர் மேசைக்கு வந்தது. பதினொரு பேர் ஆட வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் ஆடியிருக்கிறார்கள். அம்பயர் தலையைச் சொறிந்தார். ஃபாதர் செந்திலைக் கூப்பிட்டுக் கேட்டார், அவன் மறைக்கவில்லை. "பெல் அடிச்சுதுங்க ஃபாதர், நின்னேனுங்க. அப்பறம் பந்து வந்துச்சுங்க" என்றான்.

ஃபாதர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அவங்க சொல்றது நியாயம். இந்த ஜெயிப்பு நமக்கு வேண்டாம்." என்னிடம் திரும்பினார். "ஆட்டம் அவங்களுக்குன்னு எழுதிடுங்க சார். எந்த விதிப்படின்னு ஒரு வரி."

நான் பேனாவை எடுத்தேன். நியாயம் ஒரு பக்கம் நின்றது, பவானி அதே பக்கம் நின்றது, என் மனைவியும் மகளும் குதிரையும் அதே பக்கம் நின்றார்கள். எந்த விதிப்படி என்று ஒரு வரிதான் வேண்டும்.

அப்படி ஒரு விதி இல்லை. இருந்ததெல்லாம் அதற்கு நேர்மாறான ஒன்று. ஒரு வருஷம் தோற்ற பள்ளிக்காரர்கள் கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் வந்து வந்து புகார் சொல்லிக்கொண்டிருந்ததால், ஃபாதர் கேட்டு நான் எழுதிக் கொடுத்தது: இரு அணியினரும் ஒருவருக்கொருவர் மூன்று சியர்ஸ் கூறிய பின்னர் எவ்வகைப் புகாரும் ஏற்கப்படாது. 'எவ்வகை' என்ற சொல்லை யோசித்து யோசித்துப் போட்டிருந்தேன்.

"எழுத முடியாது ஃபாதர்" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். எதிரணி மாஸ்டர் கொதித்துப் போனார். "பசங்க கத்துனாங்க. நான் கத்தலியே!"

"விதியில 'அணியினர்'னு இருக்குங்க" என்றேன்.

"எந்தப் புண்ணியவானுங்க இந்த விதிய எழுதுனது?"

"இவருதானுங்க!" என்று பெருமையாக என் தோளைத் தட்டினார் ரங்கசாமி மாஸ்டர்.

இதை நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்குக் கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்த மாதிரி ஒரு வியாதி. ஃபாதர் எழுதப்பட்ட விதியை மீற மாட்டார், அதை மதிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். எங்கள் பள்ளி இறுதிப் போட்டிக்குப் போனது. அது அதற்கடுத்த சனிக்கிழமை.

பூத்தில் அன்று கூட்டம் இல்லை.

"தோத்தாச்சுங்களா?"

"தோத்த மாதிரிதான் இருந்துச்சு."

"அப்பறம்?"

"ஒரு விதி இருந்துச்சு. ஜெயிச்சுட்டாங்க."

சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "அந்த விதிய எடுத்துச் சொன்னது யாருங்க?" என்று கேட்டாள். நான் சட்டைப் பையில் சில்லறையைத் தேடினேன். "செரீங்க. குதிரைக்குப் பாப்பாவ நானே கூட்டிட்டுப் போய்க்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஃபாதரிடம் போய் நின்றேன். "சொன்ன சொல்லுதான் சார். தோக்கட்டும். ஃபைனலுக்கு நீங்க இல்லாம எப்படி?" என்றார் அன்பாக. செவ்வாய்க்கிழமை வந்தது. ஜன்னல் கம்பிக்கு அப்பால் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நான் சம்பளப் பட்டியல் போட்டேன். ஒரு கூட்டல் பிழைகூட இல்லை. சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது பவானி என்ற ஊர் எனக்கு வரைபடத்தில் மட்டும் இருந்தது.

இறுதிப் போட்டியில் எங்கள் அணி தோற்றது. சாதாரணத் தோல்வி இல்லை. எங்கள் ஸ்கோர் பலகையில் ஆணியில் மாட்டும் தகர எண்கள் கொஞ்சம்தான் உண்டு, எதிரணி போட்ட கோலுக்கு மாட்ட எங்களிடம் எண் இல்லை. கடைசியில் சாக்பீஸால் எழுதினேன். அப்பாஸ் மறுபடியும் தபால் பெட்டியாகிவிட்டான். பையன்கள் சிரித்துக்கொண்டே தோற்றார்கள்.

எனக்கு அதுதான் புரியவில்லை. பன் விநியோகத்தின்போது ரங்கசாமி மாஸ்டரிடம் கேட்டேன். "என்ன மாஸ்டர், ரெண்டு வாரம் புலி மாதிரி ஆடினாங்க, இன்னிக்கு என்ன ஆச்சு?"

அவர் டீயை ஊதிக் குடித்தார். "இன்னி எதுக்குங்க ஆபீஸ் சார் ஜெயிக்கோணும்? அதான் செவ்வாக்கெழமை போயிருச்சுங்களே."

"என்ன சொல்றீங்க?"

"ஃபாதரு உங்களுக்குக் குடுத்த வாக்கும், நீங்க பவானியில சேரோணுங்கற தேதியும் என்ற காதுல உழுந்துச்சுங்க. பசங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். டேய், தோத்தீங்கன்னா ஆபீஸ் சாரு போயிருவாரு, அப்பறம் உங்களுக்குப் பஸ் பாஸும் கெடையாது, ஸ்காலர்ஷிப்பும் கெடையாது, பேரத் தப்பில்லாம எழுதறதுக்கு ஆளும் கெடையாதுன்னு. பாவம், உசுரக் குடுத்து ஆடுனானுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று இறங்கினார். "தப்புங்களா சார்? உங்களாட்ட ஒரு ஆளு வேற எங்கீங்க கெடைப்பாங்க?"

எனக்கு வாய்வரை வந்தது. அந்தியூர், சனிக்கிழமை அப்பா, குதிரை, எல்லாம் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் பின்னால் சத்தம். பையன்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், பன் தின்ற வாயோடு. செந்தில் முன்னால் நின்று குரல் கொடுத்தான். "த்ரீ சியர்ஸ் ஃபார் ஆபீஸ் சார்! ஹிப் ஹிப்..."

மூன்று முறை. முழு மூச்சோடு. மைதானத்துக்கு அந்தப் பக்கம் கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். விதி விதிதான். எவ்வகைப் புகாரும் என்று எழுதியவன் நான்.

திங்கட்கிழமை காலை ஃபாதர் சொன்ன சொல் தவறாமல் விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். போவதற்குத்தான் இடம் இல்லை. கோப்பில் சேர்த்துவிட்டு மாற்றுச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். மகள் ஹைஸ்கூல் சேர்கிற வருஷம்தான் மனைவிக்குக் கோயம்புத்தூருக்கு மாறுதல் கிடைத்தது. அதுவரை அதே சனிக்கிழமை, அதே பஸ். நான் அந்த அறையிலேயே, அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னாலேயே ஓய்வு பெற்றேன்.

இப்போது மைதானத்தில் பாதி கார் நிறுத்துமிடம். மீதிப் பாதியில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். அதற்குச் சுண்ணாம்புக் கோடு வேண்டாம், கோடு நெய்தே வருகிறது. தகர எண்கள் போய்விட்டன. ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணி அடிக்கிறது, யாரும் நிற்பதில்லை. ஆட்டம் முடிந்தால் பையன்கள் முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொண்டு, பையிலிருந்து செல்போனை எடுத்தபடி கலைந்து போகிறார்கள். சியர்ஸ் என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. ரங்கசாமி மாஸ்டரும் இல்லை, ஃபாதரும் இல்லை. அந்த விதியைத் தெரிந்த கடைசி ஆள் நான்தான்.

பால் பாக்கெட்டோடு அவ்வளவு நேரம் கழித்து வீட்டுக்குள் நுழைந்தபோது, ஏன் தாமதம் என்று மனைவி கேட்டாள். சுண்ணாம்பு வாசனை என்றேன். அவள் பாலை வாங்கிக்கொண்டு என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள்.

"அந்த ஹாக்கிங்களா? அந்த வருஷம் குதிரைச் சந்தையில உங்க மக எப்படி அழுதா தெரியுமுங்களா? ஒவ்வொரு குதிரையா காட்டி, அப்பா எதுல வருவாருன்னு கேட்டா..."

பலமுறை கேட்டதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுவதும் கேட்டேன். அவள் அன்று அந்த மைதானத்தில் இல்லை, யாருக்கும் சியர்ஸ் சொல்லவுமில்லை. அவளுடைய புகார் இன்னும் செல்லும்.